கலங்கலுக்குப் பெரிய இரை, தெளிவுக்குச் சிறிய இரை: கிராப்பித் தூண்டிலின் பழைய அறிவுரையைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் கிராப்பி மீன் பிடிக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு. நீர் கலங்கியிருந்தால் பெரிய, கருத்த இரையைப் போடுங்கள். தெளிந்திருந்தால் சிறிய, வெளிறிய இரையைப் போடுங்கள் என்பதே அது. இரைக்கடையில் இருப்பவரும் சொல்வார், படகுத்துறையில் பக்கத்தில் நிற்பவரும் சொல்வார். நானும் பல ஆண்டுகள் அதை அப்படியே பின்பற்றினேன். பின்பற்றியதால் மீன் கிடைத்ததா, மீன் இருந்த இடத்தில் தூண்டிலை இறக்கியதால் கிடைத்ததா என்று ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. கலங்கிய நீரில் மூன்று அங்குல இரையை மட்டுமே போடுகிறவருக்கு, பிடிபட்ட மீன் அத்தனையும் மூன்று அங்குல இரையில்தான் பிடிபட்டிருக்கும். அதைச் சான்று என்று எடுத்துக்கொண்டால் எந்த அறிவுரையும் பொய்யாகாது.

இந்த வழிகாட்டி அந்த அறிவுரையை ஆதரிக்கவோ மறுக்கவோ எழுதப்பட்டதன்று. இரண்டு தூண்டில் கோல்கள், ஒரு வாளி மூடி, ஒரு குறிப்பேடு, ஒரே நீர்த்தேக்கத்தில் சில நாட்கள் ஆகியவற்றைக் கொண்டு உங்கள் நீரில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று நீங்களே அறிந்துகொள்ளும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இதன் நோக்கம்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். நம் ஊர் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீனைப் போலப் பக்கவாட்டில் தட்டையான உடல் கொண்டது என்றாலும், இது வேறு குடும்பம். லார்ஜ்மவுத் பாஸ், புளூகில் ஆகிய அமெரிக்க நன்னீர் மீன்களின் உறவு. இதில் இரண்டு இனங்கள் உண்டு. வெள்ளைக் கிராப்பியின் உடலில் மங்கலான செங்குத்துப் பட்டைகள் இருக்கும். முதுகுத் துடுப்பில் பெரும்பாலும் ஆறு முட்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். கருப்புக் கிராப்பியின் உடலில் ஒழுங்கற்ற கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். முட்கள் ஏழோ எட்டோ இருக்கும். நிறம் பருவத்துக்கும் நீருக்கும் ஏற்ப மாறக்கூடியது; முட்டையிடும் காலத்தில் வெள்ளைக் கிராப்பியின் ஆண் மீனும் கருத்துவிடும். ஆகவே நிறத்தை நம்பாமல் முட்களை எண்ணுங்கள்.

எந்த இனம் என்பது நம் சோதனைக்கு ஏன் முக்கியம் என்றால், வெள்ளைக் கிராப்பி கலங்கல் நீரைத் தாங்கி வாழும். கருப்புக் கிராப்பி தெளிந்த, நீர்த்தாவரங்கள் நிறைந்த இடத்தை விரும்பும். தெளிந்த ஏரி ஒன்றிலும் கலங்கிய ஏரி ஒன்றிலும் மீன் பிடித்து ஒப்பிடுகிறவர், தம்மை அறியாமலே இரண்டு வெவ்வேறு மீன்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராப்பி சிறு வயதில் டாப்னியா போன்ற மிதவை உயிர்களைத் தின்று வளர்கிறது; வளர்ந்த பிறகு ஷாட், மின்னோ போன்ற சிறுமீன்களுக்கு மாறுகிறது, ஆனால் மிதவை உயிர்களையும் பூச்சிகளையும் அடியோடு விட்டுவிடுவதில்லை. முக்கால் அடி நீள மீன் கடுகளவு உயிரைத் தேடி உண்கிறது என்றால், ஒன்றரை அங்குல இரை அதன் கண்ணில் படாது என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். வெள்ளைக் கிராப்பி இரை தேடும் விதத்தை ஆய்வாளர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். அது நீந்திக்கொண்டே தேடுவதில்லை. சிறிது தூரம் நீந்தி, நின்று, நிற்கும் அந்த நொடியில் சுற்றிலும் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் மறுபடி நகர்கிறது. மெதுவாகத் தூண்டிலை அசையுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இந்தப் பழக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

படி 1: அறிவுரையைக் கூறு போடுங்கள்

‘பெரிய கருத்த இரை’ என்ற சொற்றொடருக்குள் குறைந்தது மூன்று பொருட்கள் ஒளிந்திருக்கின்றன: நீளம், நிறம், எடை. ஒன்றரை அங்குல வெள்ளை ஜிக்கை (முள்ளோடு ஈயத்தலையும் மென்பிளாஸ்டிக் உடலும் கொண்ட செயற்கை இரை) கழற்றிவிட்டு மூன்று அங்குலக் கருப்பு ஜிக்கை மாட்டுகிறவர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறார். பிறகு மீன் கொத்தினால் எதற்காகக் கொத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறத்தையும் அளவையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஓர் ஒளியியல் காரணமும் இருக்கிறது. தெளிந்த நீரில் ஒரு பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதை அதன் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. பெரிய பொருள் தொலைவிலேயே தெரியும். கலங்கிய நீரில் நிலைமை வேறு. மிதக்கும் மண்துகள்கள் ஒளியைச் சிதறடித்து, பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகின்றன. பனிமூட்டத்தில் எதிரே வருவது லாரியா மோட்டார் சைக்கிளா என்பதைவிட விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே முன்கூட்டித் தெரிய உதவுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அப்படியானால் கலங்கல் நீரில் கருப்பு நிறம் உதவலாம். மேலிருந்து வரும் வெளிச்சத்தின் பின்னணியில் அது நிழலுருவாகத் தெரியும். ஆனால் நீளத்தை இரட்டிப்பாக்குவதால் அதே அளவுக்குப் பலன் வரும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் பலவீனமானது. பெரிய இரை நீரை அதிகமாகத் தள்ளும், மீன் தன் பக்கக்கோட்டு உணர்வால், அதாவது நீரின் அசைவை உணர உடலின் இருபுறமும் ஓடும் கோட்டால், அதை அறியும் என்று ஒரு பதில் வாதம் உண்டு. அது உண்மையே, ஆனால் அந்த உணர்வு மிக அருகில்தான் வேலை செய்யும்.

இவ்வளவும் ஊகம்தான்; மீன் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். ஆகவே இந்த வழிகாட்டியில் நிறத்தையும் எடையையும் நிறுத்திவைத்து நீளத்தை மட்டும் சோதிப்போம். நிறத்தைச் சோதிக்க விரும்புகிறவர் இதே முறையில் நீளத்தை நிறுத்திவைத்து நிறத்தை மாற்றலாம்.

சோதிக்கப் போகும் கூற்றை ஒரு தாளில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ‘கலங்கல் நீரில் பெரிய இரை நன்றாக வேலை செய்யும்’ என்று எழுதாதீர்கள். ‘சிறிய இரையோடு ஒப்பிடும்போது பெரிய இரைக்குக் கிடைக்கும் மதிப்பு, தெளிந்த நீரில் இருப்பதைவிடக் கலங்கிய நீரில் கூடும்’ என்று எழுதுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே இந்தச் சோதனையின் உயிர்நாடி. பெரிய இரை எல்லா நீரிலும் ஒரே அளவுக்கு வெல்லுமானால் அறிவுரை தோற்றுவிட்டது என்றுதான் பொருள். ஏனெனில் நீரின் தெளிவைப் பார்த்து இரையை மாற்ற வேண்டிய தேவையே அங்கு இல்லை. கலங்கல் நீரில் மட்டும் சோதிக்கிறவர் இதை ஒருநாளும் கண்டறிய மாட்டார்.

படி 2: ஒரே நீர்த்தேக்கத்தில் இரண்டு நீரைத் தேடுங்கள்

மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் மீன் பிடித்து ஒப்பிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். மழை நீரைக் கலக்குவதோடு நிற்பதில்லை. வெப்பநிலையை மாற்றுகிறது, நீர்மட்டத்தை உயர்த்துகிறது, மீனைக் கரையோரத்துக்கு நகர்த்துகிறது. கலங்கலின் விளைவையும் மற்றவற்றின் விளைவையும் அங்கே பிரிக்க முடியாது.

ஆறுகள் வந்து சேரும் பெரிய நீர்த்தேக்கங்கள் இதற்கு நல்ல வாய்ப்பைத் தருகின்றன. மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வெள்ளக் கட்டுப்பாட்டுக்காகக் கட்டிய ஆர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனேடா ஆகிய நான்கும் கிராப்பிக்குப் பெயர் பெற்றவை. வெள்ளைக் கிராப்பியின் உலகச் சாதனை மீன், 5 பவுண்டு 3 அவுன்ஸ் எடையுள்ளது, 1957இல் ஈனிட்டில்தான் பிடிபட்டது. கிரெனேடாவை எடுத்துக்கொண்டால், யாலோபுஷா, ஸ்கூனா என்ற இரண்டு ஆறுகளின் நீர் அதில் தேங்குகிறது. இத்தகைய தேக்கங்களில் ஆற்றுமுகத்தில் மண் கலந்த நீர் நிற்கும். அணையை நெருங்க நெருங்க மண் படிந்து நீர் தெளியும். ஒரே நாளில், ஒரே வானத்தின் கீழ், படகில் சிறிது தூரம் சென்றாலே இரண்டு வகை நீரும் கிடைத்துவிடும். உங்கள் மாநிலத்தில் வேறு தேக்கம் இருக்கும், முறை ஒன்றே.

இரண்டு இடங்களிலும் ஆழமும் மறைவிடமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மூழ்கிய மரக்கிளைகள், மறுபக்கம் வெறும் சேற்றுத்தரை என்றால் ஒப்பீடு கெட்டுவிடும். ஆறு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தையே தேர்ந்தெடுங்கள். மிகுந்த ஆழத்திலிருந்து இழுக்கப்படும் கிராப்பியின் காற்றுப்பை உப்பி, திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகும்.

உரிமம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய கோல்களின் எண்ணிக்கை, குறைந்தபட்ச நீளம், ஒரு நாளில் எடுத்துச்செல்லக்கூடிய மீன்களின் எண்ணிக்கை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலமும், சில வேளைகளில் ஏரிக்கு ஏரியும் மாறும். கிளம்புமுன் அந்த மாநில வனவிலங்குத் துறையின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: தெளிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்துவிடுங்கள்

ஒருமுறை நானும் நண்பரும் ஒரே படகில் இருந்துகொண்டு, நீர் தெளிவு என்று நானும், கலங்கல் என்று அவரும் அரை மணி நேரம் வாதாடினோம். என் முதுகுப் பக்கம் வெயில். அவருக்கு முகத்தில் வெயில். அவ்வளவுதான் வேறுபாடு. தட்டை இறக்கிப் பார்த்தால் இருவர் பக்கமும் ஒரே அளவு.

அந்தத் தட்டுக்கு செக்கி தட்டு என்று பெயர். இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெண்ணிறத் தட்டுகளைக் கடலில் இறக்கி நீரின் தெளிவை அளந்தார். ஏரிகளில் இன்று பயன்படுவது இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள, நான்கு கால்பகுதிகளாகக் கருப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டிய தட்டு. இதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியின் மூடி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளில் பளபளப்பில்லாத கருப்புப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டு வளையத் திருகாணி ஒன்றை மாட்டி, அடியில் சில கனமான வாஷர்களைக் கோத்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் தட்டு இலைபோல மிதந்து சாயும். இழுத்தால் நீளாத கயிற்றைக் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள்.

படகின் நிழல் விழும் பக்கத்தில், வெயில் நன்கு ஏறிய வேளையில், குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். தட்டு மறையும்வரை இறக்கி, அந்த ஆழத்தைக் குறித்து, சற்றுக் கீழே விட்டு, மீண்டும் தெரியும்வரை உயர்த்தி அந்த ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரியே அளவு. என் கணக்கில் முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கலங்கல், தொண்ணூறுக்கு மேல் தெளிவு. இந்த எல்லைகளை நான் என் வசதிக்காக வைத்துக்கொண்டேன். உங்கள் தேக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சோதனைக்கு எடுக்கும் இரண்டு இடங்களுக்கும் இடையே குறைந்தது மூன்று மடங்கு வேறுபாடு இருக்கட்டும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எதனால் கலங்கியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மண் கலந்த பழுப்பு, பாசியின் பச்சை, இலைச்சாறு ஊறிய தேநீர் நிறம் ஆகிய மூன்றும் தட்டில் ஒரே அளவைக் காட்டினாலும் மீனின் கண்ணுக்கு ஒன்றல்ல. டெக்சஸ், லூசியானா எல்லையிலுள்ள காடோ ஏரியைப் போலச் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்பு நீரில் நீல ஒளி மேற்பரப்பிலேயே விழுங்கப்பட்டுச் சிவப்பொளியே கீழே இறங்கும். தெளிந்த நீரில் சிவப்பு முதலில் மறையும். எல்லாவற்றையும் ‘அழுக்கு நீர்’ என்று ஒரே சொல்லில் அடக்கும் அறிவுரையை நிறத்தின் விஷயத்தில் நம்புவது கடினம்.

படி 4: இரைகளை நீளத்தில் மட்டும் வேறுபடச் செய்யுங்கள்

உயிருள்ள மின்னோ இதற்கு ஆகாது. ஒன்று துள்ளும், ஒன்று சோர்ந்து தொங்கும். எதற்காக மீன் வந்தது என்று தெரியாது. செயற்கை ஜிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தலை 1/16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 1.8 கிராம். இரண்டுக்கும் ஒரே முள் அளவு. மென்பிளாஸ்டிக் உடல் ஒன்று ஒன்றரை அங்குலம், மற்றது மூன்று அங்குலம். ஒரே நிறம், முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வடிவம். தூண்டில் நரம்பும், அதாவது கோலிலிருந்து இரைக்குச் செல்லும் கயிறும், ஒரே தடிமன், ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அதில் நானே விழுந்திருக்கிறேன். தலை எடை ஒன்றாக இருந்தாலும் பெரிய உடல் நீரை அதிகம் எதிர்ப்பதால் மெதுவாக இறங்கும். கரையிலிருந்து வீசி இழுக்கிறவருக்கு இந்த வேகமே எல்லாமும் ஆகிவிடலாம். பெரிய இரை வென்றதாக அவர் எழுதும்போது உண்மையில் வென்றது மெதுவான இறக்கமாக இருக்கும். உயரமான கண்ணாடி ஜாடி ஒன்றில் நீர் நிரப்பி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டி, இரண்டு ஜிக்குகளையும் தனித்தனியே விட்டுக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியாக எடுத்துப் பாருங்கள். சிறிய ஜிக் கல்லைப் போல நேராக இறங்கும். பெரியது வாலைச் சிலுப்பிக்கொண்டு பக்கவாட்டில் நழுவி நழுவி இறங்கும். அடியைத் தொடும் நேரம் ஒத்துவரும்வரை, பெரியதன் தலைக்கு மேலே நரம்பில் ஈயத்துணுக்குகளைச் சேர்க்கலாம். அல்லது சிறியதற்கு 1/32 அவுன்ஸ் தலையை மாட்டிப் பார்க்கலாம். ஜாடியின் முன் செலவாகும் அரை மணி நேரம் ஏரியில் வீணாகும் பல நாட்களை மிச்சப்படுத்தும்.

படகு வைத்திருக்கிறவருக்கு இன்னும் எளிய வழி உண்டு: கோல்களைத் தாங்கியில் மாட்டிவிட்டு நரம்பைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது. சிலந்தியின் கால்களைப் போலப் பல கோல்களை முன்னே நீட்டி மெதுவாக நகரும் ‘ஸ்பைடர் ரிக்கிங்’ முறையின் சுருங்கிய வடிவம் இது. இதில் இறக்க வேகம் பொருட்டல்ல; கை அசைவும் இல்லை. தன் மனத்துக்குப் பிடித்த இரையைக் கூடுதல் அக்கறையோடு அசைக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. தாங்கி அந்தப் பாரபட்சத்தைத் தீர்த்துவிடும்.

படி 5: பதினைந்து நிமிடச் சுற்றுகளாகப் பிடியுங்கள்

இரண்டு கோல்களையும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடைவெளியில், ஒரே ஆழத்தில் இறக்குங்கள். கிராப்பி தலைக்கு மேலே இருப்பதையே எளிதில் பார்க்கும் என்பதால், மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலே இரை நிற்கட்டும். நரம்பு சாயாத அளவுக்குப் படகு மெதுவாக நகர வேண்டும். சாய்ந்தால் பெரிய இரை மேலே எழும்பிவிடும், ஆழம் மாறிவிடும்.

எந்த இரை இடப்பக்கம் என்பதை ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யுங்கள். ‘மாற்றி மாற்றிப் போடுகிறேன், நாணயம் எதற்கு’ என்று கேட்கலாம். மறைவிடம் இருக்கும் பக்கமாகப் பார்த்து நமக்குப் பிடித்த இரையைத் தள்ளும் கை நமக்கே தெரியாமல் வேலை செய்யும். நாணயத்துக்கு அந்தக் கை இல்லை.

காலையில் கலங்கல் நீரில் ஆறு சுற்று, பிற்பகலில் தெளிந்த நீரில் ஆறு சுற்று. அடுத்த முறை போகும்போது வரிசையைத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நீரின் விளைவும் நேரத்தின் விளைவும் ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டு நாட்களில் ஒவ்வொரு நீருக்கும் பன்னிரண்டு சுற்றுகள் சேரும். சுற்றுக்கு நடுவே மீன் கொத்தவில்லை என்று இரையை மாற்றாதீர்கள். இதுதான் முழுச் சோதனையிலும் கடினமான பகுதி. பக்கத்துப் படகில் மீன் மீனாக ஏறிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியமன்று.

படி 6: பிடிபட்ட மீனை மட்டும் எண்ணாதீர்கள்

கிராப்பியின் வாய் மெல்லிய சவ்வு. ‘காகித வாய்’ என்றே அதற்கு அங்கே பட்டப்பெயர். முள் பதிந்த பிறகும் கிழித்துக்கொண்டு போய்விடும். நீளமான இரையில் வாலை மட்டும் கவ்விவிட்டு நழுவுவதும் உண்டு. படகில் ஏறிய மீனை மட்டும் எண்ணினால் இரை மீனை ஈர்த்ததா என்ற கேள்வியும் முள் மீனைப் பிடித்துக்கொண்டதா என்ற கேள்வியும் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கோலுக்கும் கொத்தல், பிடிபட்டது என்று இரண்டு கட்டங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தல் எது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: கோலின் நுனி தெளிவாக வளைந்தாலோ நரம்பு திடீரெனத் தளர்ந்தாலோ ஒன்று. இரண்டாவது குறியை மறவாதீர்கள். கிராப்பி பலமுறை கீழிருந்து மேல்நோக்கி வந்து கவ்வும், அப்போது இழுவை இருக்காது, நரம்பு தொய்யும்.

பிடிபட்ட ஒவ்வொன்றின் இனம், நீளம், எந்த இரை என்பவற்றை உடனே எழுதுங்கள். அளவு குறைந்தது என்று திரும்ப விடும் மீனும் கணக்கில் சேர வேண்டும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். சுற்றின் தொடக்கத்தில் தட்டின் ஆழம், நீரின் வெப்பநிலை, வானம், காற்று ஆகியவற்றையும் ஒரு வரியில் குறியுங்கள். நீருக்கடியில் மீனின் அசைவை ஒலியலையால் அறிந்து உடனுக்குடன் திரையில் காட்டும் நேரலை சோனார் கருவி இருந்தால் இன்னொரு கட்டமும் சேர்க்கலாம்: இரையை நோக்கி எழும்பி வந்தும் கொத்தாமல் திரும்பிய மீன்கள். இந்த எண்ணிக்கை பொன்னானது. மீன் இரையைக் காணவில்லையா, கண்டும் வேண்டாமென்று விட்டதா என்பதைப் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை.

படி 7: எண்களைப் பொறுமையாகப் படியுங்கள்

பத்து கொத்தல்களில் பெரியதற்கு ஏழு, சிறியதற்கு மூன்று வந்தால் படகிலேயே தீர்ப்பு எழுதத் தோன்றும். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பாருங்கள். ஏதேனும் ஒரு பக்கம் ஏழோ அதற்கு மேலோ விழுவது நூற்றில் முப்பத்து நான்கு தடவை நடக்கும். ஏழுக்கு மூன்று என்பது ஒன்றுமே இல்லை.

அதோடு கிராப்பி கூட்டமாகத் திரியும் மீன். ஒரு கூட்டம் ஒரு கோலின் கீழ் வந்து நின்றால் ஐந்து நிமிடத்தில் ஆறு மீன் ஏறிவிடும். அவற்றை ஆறு தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்ள முடியாது. எனவே மீன்களை எண்ணாமல் சுற்றுகளை எண்ணுங்கள்: இந்தச் சுற்றில் எந்த இரைக்குக் கொத்தல் அதிகம்? சமமாக முடிந்த சுற்றை ஒதுக்கிவிட்டு, அதற்கு ஈடாக இன்னொரு சுற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சுற்றுகளில் ஏதேனும் ஒரு பக்கம் ஒன்பதோ அதற்கு மேலோ வெல்வது தற்செயலாகவே நூற்றில் ஏறத்தாழப் பதினைந்து தடவை நடக்கக்கூடியது. பத்தோ அதற்கு மேலோ வெல்வது நான்கு தடவைதான். பத்துக்கு இரண்டு என்றால் கவனிக்கத் தொடங்கலாம்.

இனி, நான் புனைந்த ஓர் எடுத்துக்காட்டு. கலங்கல் நீரில் பெரிய இரை பத்துச் சுற்றும் சிறியது இரண்டும் வென்றன என்று வைத்துக்கொள்வோம். அறிவுரை வென்றதா? தெளிந்த நீரின் பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே சிறியது ஒன்பது, பெரியது மூன்று என்றிருந்தால் ஆம், அறிவுரைக்கு உங்கள் தேக்கத்தில் நல்ல அடித்தளம் இருக்கிறது. அங்கேயும் பெரியது பத்து வென்றிருந்தால், அந்த நாட்களில் மீனுக்குப் பெரிய இரை பிடித்திருந்தது, நீரின் தெளிவுக்கு அதில் பங்கில்லை. தெளிந்த நீரில் ஆறுக்கு ஆறு என்று வந்தால் அறிவுரையின் பக்கம் சாய்வு இருக்கிறது. முடிவெழுத இன்னும் இரண்டு நாட்கள் வேண்டும். எந்த நீரிலும் வேறுபாடே தெரியாமலும் போகலாம். அதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை; பெட்டியில் பாதி இரைகளை இனி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

படி 8: ‘பெரிய இரைக்குப் பெரிய மீன்’ என்பதையும் அதே ஏட்டிலிருந்து பாருங்கள்

நீளங்களை எழுதச் சொன்னது இதற்காகத்தான். பெரும்பாலோர் இரண்டு இரைகளில் பிடிபட்ட மீன்களின் சராசரி நீளத்தை ஒப்பிட்டு, பெரிய இரையில் சராசரி கூடியிருப்பதைப் பார்த்து மகிழ்வார்கள். அந்தச் சராசரி ஏமாற்றும். மீண்டும் ஒரு புனைவுக் கணக்கு: சிறிய இரையில் முப்பது மீன், அவற்றில் பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டியவை ஆறு. பெரிய இரையில் பத்து மீன், தாண்டியவை நான்கு. பெரிய இரையில் பெரிய மீனின் பங்கு நாற்பது விழுக்காடு, சிறியதில் இருபதுதான். ஆனால் அதே நேரத்தில் கையில் கிடைத்த பெரிய மீன்கள் சிறிய இரையில்தான் அதிகம், நான்குக்கு ஆறு. பெரிய இரை பெரிய மீனை அழைத்து வரவில்லை. சிறிய மீனை வடிகட்டி அனுப்பிவிட்டது, அவ்வளவே. நாள் முழுவதும் குஞ்சு மீன்களைக் கழற்றிக் கழற்றி விட்டுச் சலித்தவருக்கு அந்த வடிகட்டலும் ஒரு பயன்தான் என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒப்பிட வேண்டியது சராசரியை அன்று. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெரிய மீன் என்பதையே.

படி 9: பருவம் மாறியதும் திரும்பச் செய்யுங்கள், வயிற்றையும் திறந்து பாருங்கள்

கிராப்பி நீரின் வெப்பம் பதினாறிலிருந்து இருபது டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வசந்தகாலத்தில் முட்டையிடுகிறது. அப்போது கூட்டைக் காக்கும் ஆண் மீன் பசிக்காக மட்டுமன்றி, நெருங்கி வருவதை விரட்டவும் கொத்தும். அந்த வாரங்களில் செய்யும் சோதனை இரைத்தேர்வைப் பற்றி எதையும் சொல்லாது. முட்டையிடும் காலம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு பருவங்களின் முடிவும் வேறுபட்டால், நீரின் தெளிவைக் குற்றம் சொல்லுமுன் மீனின் வயிற்றைப் பாருங்கள். கோடைத் தொடக்கத்தில் அந்த ஆண்டு பிறந்த ஷாட் குஞ்சுகள் விரல் நகத்தளவில் இருக்கும். அக்டோபரில் அவையே இரண்டு, மூன்று அங்குலம் வளர்ந்திருக்கும். சமையலுக்கு எடுத்துவந்த மீனைச் சுத்தம் செய்யும்போது இரைப்பையைக் கத்தி நுனியால் கீறி, உள்ளிருப்பதை வெள்ளைத் தட்டில் கொட்டி நீர் ஊற்றி அலசுங்கள். சில வேளைகளில் வெள்ளி மின்னும் முழு ஷாட் வரும், வாலிலிருந்து தலைவரை அளந்துவிடலாம். சில வேளைகளில் முதுகெலும்பு மட்டும் மிஞ்சியிருக்கும். சில வேளைகளில் ரவைக்கஞ்சி போல மிதவை உயிர்களின் கூழ்தான் இருக்கும். கலங்கல் நீரில் பிடித்தவை, தெளிந்த நீரில் பிடித்தவை என்று பிரித்து, இரையின் நீளத்தைக் குறிப்பேட்டில் அந்தந்த மீனின் வரிக்கு எதிரே எழுதுங்கள். பெரிய இரை வென்ற இடத்தில் வயிற்றிலிருந்தும் பெரிய ஷாட்டே வருமானால், அங்கே மீன் தேர்ந்தெடுத்தது அன்றாடம் தின்பதன் அளவை. கலங்கல் அங்கே வெறுமனே உடன் இருந்திருக்கிறது.